காவிரிப்பூம்பட்டினத்துப் பௌத்தர் கொள்கை

சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தைப் பாடங்கேட்கப் புகும் மாணவர், உலகாயதனை அடுத்துப் பௌத்தர் நால்வரை எதிர்ப்படுவர். சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்னும் அந்நால்வர் மதமும் சில செய்யுட்களிற் கூறப்பட்டு, உடனே மறுக்கப்படுகின்றன. மாணவர் மறுப்பை நெட்டுருச் செய்துகொள்வர். மறுக்கப்பட்ட கொள்கை இன்னதென்பதை அதனை உடையார் வாய்மொழியாக அறிந்தவர் அவருள் மிகச் சிலரே. பூர்வபக்கத்தை அதற்குரியான் கூறுமாறே கூறவல்லானே சித்தாந்தம் உரைத்தற்குத் தக்கவன் என்பது ஆன்றோர் கொள்கை. அருணந்தி சிவாசாரியரும் சுபக்கத்தின் முன்னர்ப் பரபக்கத்தை வைத்தது இக்கருத்துப் பற்றியே என்க.

ஆதலின், பௌத்தர் கொள்கையையும் ஒழுக்கத்தையும் புதிதாக அறியப் புகுவார்க்குப் பயன்படுமாறு ஈண்டுச் சில கூறுவாம். பௌத்தம் வடநாட்டிற் பிறந்ததாயினும், அதனை அறிதற்கு நாம் வடநாடு செல்ல வேண்டுவதில்லை. காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரத்திலேயே அச்சமயம் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. பாலியினும் தமிழினும் நூல்களை ஈன்றது. அந்நகரத்தையே நிலைக்களமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

புகாரும் பௌத்தமும்

பூம்புகார் இன்று மயிலாடுதுறை மாவட்டத்துச் சீகாழி வட்டத்தைச் சார்ந்த கடற்கரையூர். பண்டு சோழர் பெருந்துறைமுகமாய் விளங்கிய இதனைக் கி. பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமி என்னும் யவன ஆசிரியர் 'கபேரிஸ்' எனக் குறித்தனர். கலம் வந்தடையும் துறையில் சரக்கோடு சமயமும் வந்திறங்கும். கோவலனும் கண்ணகியும் நகரத்தை விட்டு நீங்கும்பொழுது இந்திர விகாரம் ஏழனையும் கடந்து சென்றனர் என்று இளங்கோவடிகள் கூறுதலின், சிலப்பதிகார ஆசிரியர் அறிந்த புகாரிற் பௌத்தப் பள்ளிகள் சிறந்திருந்தன என்பது போதரும். பாலி மொழியிலுள்ள சாதகக் கதைகளுள் அகித்தி சாதகம் என்பதொன்று. தன் செல்வமனைத்தையும் வழங்கிய அகித்தி முனிவர், தமிழ்நாட்டுக் காவிரிப்பட்டினத்தின் மருங்குள்ள பூங்காவில் தங்கித் தவஞ்செய்து, ஆண்டு மக்கள் மிகுதியாக வந்து வழிபடத் தொடங்கவே, தனிமை வேண்டி நாகதீபத்தை அடுத்த காரத்தீவிற்குச் சென்றார் என அது கூறும். புகாரினின்று தீவு நோக்கிச் செல்லும் இவ்வழியையே மணிமேகலைக் காப்பியத்தினும் காண்கின்றோம்.

நூற்சான்றுகளுக்குத் துணையாக நிலத்தினின்றும் சான்று கிடைத்துள்ளது. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் 1963ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் இங்கு அகழ்ந்தனர். கீழையூரிற் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. பல்லவனீச்சரத்தில், வரிசையாகச் சதுர அறைகளையுடைய செங்கற் பௌத்த விகாரம் ஒன்றன் அடிப்பகுதி காணப்பட்டது. புத்தர் திருவடி பொறித்த கற்பலகையும், சிறிய புத்தர் படிமமும் உடன் கிடைத்தன. அத்திருவடிக் கல், கிருட்டிணை யாற்றுப்புறத்து அமராவதி முதலிய இடங்களிற் பயின்ற சுண்ணக்கல் வகையைச் சார்ந்தது. விகாரத்தின் காலம் கி. பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டு என ஆய்வாளர் கணித்தனர்.

பல்லவனீச்சரம் திருஞானசம்பந்த சுவாமிகளின் பதிகம் இரண்டு பெற்ற தலம் என்பது சைவர் யாவரும் அறிந்ததே. விகாரத்தின் அடித்தளமும் அத்திருக்கோயிலும் ஓரூரிலேயே அமைந்துள்ளன. சுவாமிகள் பதிகங்களிற் பெரும்பாலும் பத்தாந் திருப்பாட்டில் சமண சாக்கியரை மறுத்தல் வழக்கம். அம்மறுப்பு ஏட்டளவில் அறியப்பட்ட புறச்சமயத்தாரை நோக்கியதன்று. சோழநாட்டு ஊர்களில் உடன் வாழ்ந்தாரை நோக்கியது என்பதற்கு இவ்விகாரமே சான்றாம்.

புத்ததத்தர்

கி. பி. ஐந்தாம் நூற்றாண்டில் உறையூரிற் பிறந்த புத்ததத்த தேரர் பாலியில் நூல் செய்த பெரியார். அவர் ஈழத்து அநுராதபுரத்து மகாவிகாரையிற் கற்றவர். திரிபிடகத்திற்கு உரைகண்ட புத்தகோசருக்குச் சமகாலத்தவர் எனப் பௌத்தர் கூறுவர். தம் மாணவர் சுமதி வேண்ட, அபிதம்மாவதாரம் என்னும் நூலைக் காவிரிப்பட்டினத்தில் கண்ஹதாசர் கட்டிய விகாரத்திலிருந்து இயற்றினார். அந்நூலிறுதியில் நகரத்தின் தெளிந்த ஆற்றுநீரையும், மணிகள் மலிந்த கடைவீதியையும், சோலைகளையும் புகழ்கின்றார். விநயவிநிச்சயம் என்னும் மற்றொரு நூலைக் காவிரிக்கரையிலுள்ள பூதமங்கலத்தில், வேண்ஹுதாசர் விகாரத்திலிருந்து, களப்பிர குலத்து அச்சுதவிக்கந்தன் ஆண்ட காலத்திற் செய்தனர்.

கண்ஹதாசர் என்பது கண்ணனுக்கு அடியார் என்றும், வேண்ஹுதாசர் என்பது விண்டுவுக்கு அடியார் என்றும் பொருள்படும். திருமால் பெயர் தாங்கினார் இருவர் பௌத்தப் பள்ளி எடுப்பித்தனர் எனின், அக்காலத்துச் சோழநாட்டிற் சமய வேற்றுமை ஊர் வாழ்க்கையைப் பிளந்து நிற்கவில்லை என்பது உய்த்துணரப்படும்.

இனித் தமிழ்ப் பௌத்தர் கொள்கைக்குக் கருவூலமாக எஞ்சியிருப்பது மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலை. இதனை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1898ஆம் ஆண்டு அரும்பதவுரையுடன் பதிப்பித்தார்கள். நாதகுத்தனார் செய்த குண்டலகேசி முழுதும் கிடைத்திலது. அதன் கொள்கையிற் சில, அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் வாயிலாகவே அறியப்படுகின்றன. தன்னை மறுத்தார் வாயால் மட்டும் அறியப்படும் நிலை ஒரு சமயத்துக்கு நேர்ந்த பேரிழப்பு. சைவ நூல்களும் அந்நியர் கையில் அவ்வாறு எஞ்சியிருப்பின் நாம் எத்துணை வருந்துவோம் என்பதை எண்ணிப் பார்க்க.

நான்கு வாய்மை

கபிலவத்துவில் அரசிளங்குமரராய் வளர்ந்த சித்தார்த்தர், துறவு பூண்டு, கயையில் அரசமரத்தடியில் மெய்யுணர்ந்து புத்தராயினார். காசியை அடுத்த மான்சோலையில் முதலுரை நிகழ்த்தி, நாற்பத்தைந்து ஆண்டு ஊர்தோறுஞ் சென்று அறங்கூறி, எண்பதாம் அகவையிற் குசிநகரத்தில் மறைந்தார். அவர் முதற்கண் உரைத்தன நான்கு வாய்மைகள். துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, அது நீங்குதல் உண்டு, நீங்குதற்கு வழி உண்டு என்பன அவை. நோயையும், நோய்முதலையும், நோய் தணிந்த நிலையையும், மருந்தையும் கூறும் மருத்துவன் முறை இது.

மணிமேகலையுள் இவ்வாய்மைகளை மாதவி கேட்டவாறு நினைத்தற்குரியது. கோவலன் இறந்தமை கேட்டுத் துயருற்று வந்த அவளுக்கு அறவணவடிகள், பிறந்தோர்க்குத் துன்பமும் பிறவாதோர்க்குப் பேரின்பமும் உளவென்றும், முன்னையது பற்றினாலும் பின்னையது பற்றறுதலாலும் வருவனவென்றும் உணர்த்தி, ஐவகைச் சீலத்தையும் அளித்தனர். நாடகக் கணிகையாய் வாழ்ந்தாள் ஒருத்திக்கு, துயரின் நடுவில், இவ்வளவே கூறப்பட்டது. தருக்கமும் அளவையும் அவளுக்குக் கூறப்படவில்லை. கேட்பார் நிலை நோக்கி அறங்கூறுதல் பௌத்தர் முறையென்பது இதனாற் புலனாம்.

நான்காம் வாய்மையாகிய வழி எட்டு உறுப்புடையது. நற்காட்சி, நல்லூற்றம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நற்றியானம் என்பன அவ்வுறுப்புக்கள். நல்லூற்றம் என்பது பற்றும் பகையும் கொலையும் கலவாத எண்ணம். நற்கடைப்பிடி என்பது உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வனவற்றை அயர்ப்பின்றி நோக்கியிருத்தல். இவ்வெட்டும் சீலம், சமாதி, பிரஞ்ஞை என்னும் மூன்றனுள் அடங்கும்.

பன்னிரு சார்பு

துன்பம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை விளக்குவது பன்னிரு நிதானம். இதனைச் சாத்தனார் தூய தமிழ்ச் சொற்களாற் கூறியிருப்பது தமிழுக்கு வாய்த்த பேறாகும். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்பன அவை.

பேதைமையாவது உண்மையை உணராது, முயலுக்குக் கொம்பு உண்டென ஒருவன் சொல்லக் கேட்டு அதனையே தெளிதல் போல்வது. அதனாற் செய்கை நிகழும். அதுவே நல்வினையும் தீவினையுமாம். தீவினை பத்து. கொலை, களவு, காமம் என்பன உடலின் நிகழ்வன. பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என்பன வாக்கின் நிகழ்வன. வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி என்பன உள்ளத்தின் நிகழ்வன. செய்கை சார்வாகப் புதிய பிறப்பிற்குரிய உணர்வு தோன்றும். அது சார்வாக உள்ளமும் உடலுமாகிய அருவுருவும், அது சார்வாகப் பொறிகளாகிய வாயிலும், பின் பொறி புலனொடு தாக்கும் ஊறும், அதன்வழி இன்ப துன்ப நுகர்வும் உளவாம். நுகர்ந்ததை மேலும் வேண்டுதல் வேட்கை. வேட்கை முதிர்ந்து விடாது பிடித்தல் பற்று. பற்றினால் வினைத்தொகுதியாகிய பவமும், பவத்தாற் பிறப்பும், பிறப்பினால் மூப்பு, பிணி, சாக்காடுகளும் தொடரும்.

இப்பன்னிரண்டனையும் சாத்தனார் நான்கு கண்டமாக வகுப்பர். முதலிரண்டும் முதற்கண்டம், உணர்வு முதல் நுகர்வு ஈறாக ஐந்தும் இரண்டாங் கண்டம், வேட்கை, பற்று, பவம் என்னும் மூன்றும் மூன்றாங் கண்டம், தோற்றமும் வினைப்பயனும் நான்காங் கண்டம். முதலது இறந்த காலத்தையும், இடையிரண்டும் நிகழ்காலத்தையும், இறுதியது எதிர்காலத்தையும் பற்றியன. இவற்றுள் மாணவர் கருத்தூன்ற வேண்டிய இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள சந்தி. நுகர்வு முன்வினைப் பயனாய் வந்தது. அதனை இன்று தடுத்தல் இயலாது. வேட்கையோ இன்று செய்வது; அதனை ஒழித்தல் கூடும். பௌத்த நோன்பனைத்தும் இச்சந்தியிற் காவல் நிற்பதேயாம்.

ஒழுக்கமும் நோன்பும்

புத்தன், தருமம், சங்கம் என்னும் மும்மணிகளைச் சரண் அடைதல் பௌத்தனாவார்க்கு முதற்செயல். அதன்பின் கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்னும் ஐஞ்சீலம் இல்லறத்தார்க்கு உரியன. துறவிகளுக்கு விநயபிடகம் விரித்த ஒழுக்கங்கள் உள்ளன. புத்ததத்தர் விநயவிநிச்சயம் செய்தது அவற்றைச் சோழநாட்டுத் துறவிகள் எளிதிற் கற்றற்பொருட்டேயாம்.

சீலத்தொடு தானமும் வேண்டும். ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபி மணிபல்லவத்திலிருந்து மணிமேகலை கைக்கு வந்தபொழுது, அதில் முதற்பிச்சை இடுதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவள் ஆதிரை என்னும் கற்புடைய இல்லாள். துறவியின் பாத்திரம் இல்லறத்தாள் கையால் நிறைந்த பின்னரே ஊரார் பசி தீர்த்தது. சோழ மன்னனிடம் மணிமேகலை வேண்டிப் பெற்ற வரமும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்பதே. நெல் விளையும் நாட்டிற் பௌத்தம் வேரூன்றியது சோற்றறத்தால் என்று கூறின் பிழையாகாது.

மூன்றாவது பாவனை. காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றற்கும் மணிமேகலை இறுதிக்காதை தனித்தனி மருந்து கூறும். அநித்தம், துக்கம், அநான்மா, அசுசி என நோக்குதலாற் காமம் அறும். மைத்திரி, கருணை, முதிதை என்பவற்றால் வெகுளி அறும். சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை என்பவற்றால் மயக்கம் அறும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நம் நூல்வழக்கோடு இறுதியாய நான்கும் ஒத்து நடத்தல் காண்க.

வினாவிற்கு விடை கூறும் முறையையும் அக்காதை நால்வகையாக வகுத்தது. தோன்றியது கெடுமோ என்று வினவினாற் கெடும் என்றல் துணிந்து சொல்லல். செத்தவன் பிறப்பானோ என்றால், பற்றற்றவனோ பற்றுடையவனோ எனப் பகுத்துரைத்தல் கூறிட்டு மொழிதல். முட்டை முந்தியதோ பனை முந்தியதோ என்றால், எம்முட்டைக்கு எப்பனை என மீள வினாவுதல் வினாவின் விடுத்தல். ஆகாயப்பூப் பழையதோ புதியதோ என்பார்க்கு ஒன்றும் உரையாதிருத்தல் வாய்வாளாமை. வாதத்தில் வாய் திறவாமையும் ஒரு விடையென்பதை நம்மவரும் கொள்ளல் நன்று.

வேறுபடும் இடம்

பிறவி துன்பம், வினை பயன் தரும், பற்று நீங்க வேண்டும், கொல்லாமை அறம் என்னுமளவிற் பௌத்தமும் சைவமும் உடன் நடக்கும். பின்னர் வழி பிரிகின்றது.

பௌத்தர் உயிரெனத் தனிப்பொருள் ஒன்று கொள்ளார். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களின் கூட்டமே ஆளெனப்படுவது. உருளும் அச்சும் தட்டும் நுகமும் கூடியவிடத்துத் தேர் என்னும் பெயர் வழங்குதல்போல என்பர். அங்ஙனமாயின் மறுபிறப்பு எடுப்பவன் யார்? அவனே என்பதும் அல்லன் என்பதும் பொருந்தா என்பது அவர் விடை. இரவு முழுதும் எரிந்த விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, தொடர்பற்ற இரண்டும் அல்ல. அதுபோலச் சந்தானம் தொடரும் என்று மிலிந்த பஞ்ஞம் கூறும்.

இனி முத்தி. கந்தங்களின் கேடே முத்தி என்பது சித்தியாருட் சௌத்திராந்திகன் கூற்றாக வருவது. ஆயின் புகாரில் நூல் செய்த புத்ததத்தர் சௌத்திராந்திகர் அல்லர், மகாவிகாரைத் தேரவாதி. அவர் தம் அபிதம்மாவதாரத்தில் சித்தம், சேதசிகம், உருவம், நிப்பானம் என நான்கு மெய்ப்பொருள் கூறி, நிப்பானத்தைச் செயற்கையல்லாத தனிப்பொருளாகவே வைத்தனர். பரபக்கத்து நால்வருள் எவரொடும் அவரை முற்றும் ஒன்றாக்குதல் கூடாது. எனவே, 'பௌத்தன் முத்தி வெறும் பாழ்' என்று பொதுப்படக் கூறி மகிழ்வார், புகார்ப் பௌத்தனை மறுத்தாராகார். அவன் கூறாததனையே மறுத்தாராவர்.

அற்றேல், சைவர் தடை தளர்ந்ததோ எனின், தளர்ந்திலது. அது நிற்கும் இடம் வேறு. அதனைச் சேக்கிழார் பெருமான் சாக்கிய நாயனார் புராணத்திற் காட்டியருளினார். சங்கமங்கையில் வேளாளர் குலத்து உதித்த நாயனார், பிறப்பு நீங்கும் நெறி நாடிக் காஞ்சி சென்று, பௌத்தராகி, அந்நூல்களை ஓதி ஆராய்ந்தார். ஆராய்ந்து கண்டது யாதெனின், செய்யப்படும் வினை, அதனைச் செய்பவன், அதன் பயன், அப்பயனைக் கூட்டுவிப்பவன் எனப் பொருள் நான்கென்பது. பௌத்தர் இந்நான்கனுள் வினையையும் பயனையும் கொண்டனர். செய்பவனையும் கூட்டுவிப்பவனையும் கொண்டிலர். விதைநெல்லையும் விளைவையும் கூறி, உழவனையும் மழையையும் கூறாது விட்டாற்போலும் இது. செய்தவன் அக்கணமே கெட்டான் எனின், பயன் நுகர்வான் பிறனாவான். சுடர் தொடர்ந்தது என்னும் உவமையும், அதனைத் தொடர்ந்தது எனக் காணும் ஒருவனை வேண்டி நிற்கும். மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்ட மணிமேகலை, தன் பழம்பிறப்பைத் தன் பிறப்பாக உணர்ந்தாள். 'தன்' என்றது எதனை என்பதே சைவன் வினா. முத்தி பாழோ பொருளோ என்னும் வழக்கினும் இவ்வினாவே ஆழமுடையது.

நாயனார் பௌத்த வேடத்தை நீக்காமலே நாடோறும் கல்லெறிந்து சிவலிங்கத்தை வழிபட்டு முத்தியடைந்தார். பிற சமயத்தைக் கற்றுத் தெளிந்து, அதன்கணுள்ளாரை இகழாது, தம் நெறியில் நின்றார் அவரென்பதற்கு அவ்வேடமே கரி.

பிற்காலம்

புகாரின் துறை சுருங்கிய பின்னரும் சோழநாட்டிற் பௌத்தம் முற்றும் மறைந்திலது. தஞ்சைப் பெருங்கோயில் எடுப்பித்த சிவபாதசேகரனாகிய முதல் இராசராச சோழர், 1006ஆம் ஆண்டளவில், ஸ்ரீவிசய வேந்தர் நாகபட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினார். லெய்டன் செப்பேடுகள் எனப்படுவன இதனைக் கூறும். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழர் காலத்திற் புத்தமித்திரனார் வீரசோழியம் என்னும் இலக்கண நூல் செய்தார். 1476ஆம் ஆண்டளவிற் பர்மா நாட்டுத் துறவிகள் நாகபட்டினத்தில் பழைய விகாரம் இருந்த இடத்தை வழிபட்டுச் சென்றனர் எனக் கலியாணிக் கல்வெட்டுக் கூறும். ஆண்டு நின்ற செங்கற் கோபுரம் ஒன்று 1867ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது.

சைவப் பேரரசர் பௌத்தப் பள்ளிக்கு ஊர் ஈந்ததும், சேக்கிழார் பெருமான் சாக்கிய வேடத்தாரை அடியாராகப் போற்றியதும் ஒரே சோழநாட்டில் நிகழ்ந்தவை. கொள்கையிற் சிறிதும் நெகிழாமையும், கொள்கை வேறுடையாரை அறிந்து நடத்தலும் ஒருங்கு நிற்றல் கூடும் என்பதற்கு இவையே சான்று. ஆகலின், பரபக்கம் பாடங்கேட்கும் மாணவர் அதற்கு முன் மணிமேகலையின் இறுதிக் காதைகளை ஒருமுறை ஓதுக. பாலி வல்லார் ஒருவர் புத்ததத்தர் நூல்களைத் தமிழ்ப்படுத்தின், சித்தாந்த மாணவர்க்கு அது பேருதவியாகும். புகாரில் எழுந்த வாதத்தின் இரு பக்கமும் நம் கைக்கு வந்தாலன்றி, எந்த வினாவிற்கு நம் ஆசிரியர்கள் விடை கூறினார்கள் என்பதை நாம் முழுதும் அறிந்தவராகமாட்டோம்.